பழுதும் பழமையும்



தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மில் பலருடைய வீடுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மரச்சாமான் ஒன்றேனும் இருக்கும். ஒருவர் வீட்டில் அது பாட்டனார் சாய்ந்திருந்த நாற்காலி. மற்றொருவர் வீட்டில் கணக்கெழுதப் பயன்பட்ட சாய்மேஜை. வேறொருவர் வீட்டில், மாட்டுவதற்கு இடமின்றிச் சுவரோரம் நிறுத்திவைத்த ஊஞ்சற்பலகை. உத்தியோக மாற்றல் வரும்போதெல்லாம் லாரியேற்றி இவற்றைச் சுமந்து செல்கிறோம். ஆனால் நாற்காலி ஆடுகிறது. மேஜையின் இழுப்பறை திறக்க மறுக்கிறது. பிரம்பு அறுந்து தொங்குகிறது. “அடுத்த மாற்றலுக்கு முன் இதைத் தள்ளிவிட்டால் என்ன?” என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. தள்ளிவிடாமல், வீட்டிலேயே இவற்றைச் செப்பனிட்டுக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நான் தச்சுத்தொழில் கற்றவனல்லன். அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் அலுவல். எனினும் ஒரு நாற்காலியைக் கெடுத்தும், பின்னர் அதனைத் திருத்தியும் கற்ற பாடம் சிறிது உண்டு. அதனைச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

2012ஆம் ஆண்டில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டை விற்க நேர்ந்தது. பாத்திரங்களையும் பெட்டிகளையும் உறவினர் பகிர்ந்துகொண்டனர். என் பாட்டனாரின் சாய்வு நாற்காலியை மட்டும் எவரும் கேட்கவில்லை. தேக்குச் சட்டமும், பிரம்பு பின்னிய முதுகும் இருக்கையும், நீண்ட கைகளும் உடைய நாற்காலி அது. ஆகஸ்டு மாதத்தில் ரயில் பார்சலில் டில்லிக்கு வந்து சேர்ந்தபோது அது உறுதியாகவே இருந்தது. மறு ஆண்டு மே மாதத்திலோ, உட்கார்ந்தவர் கையை ஊன்றி எழுந்தால் நாற்காலியின் கையும் அவரோடு சேர்ந்து எழுந்தது!

அப்போது நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைக்குச் சென்று இரண்டரை அங்குல ஆணிகள் வாங்கிவந்து, ஆடிய மூட்டுகளிலெல்லாம் அடித்து இறுக்கினேன். விரிசல்களில் மக்கு அடைத்தேன். சில மாதங்கள் நாற்காலி அசையாமல் நின்றது. ஒருநாள் விருந்தினர் ஒருவர் அதில் அமர்ந்தார். ஆணி வரிசையை ஒட்டிச் சட்டம் நீளவாக்கில் பிளந்தது. நல்ல வேளையாக விருந்தினருக்குக் காயமில்லை. பாட்டனாரின் காலத்தில் பல்லாண்டு தாங்கிய சட்டம், என் கையில் ஓராண்டு தாங்கவில்லை.

எங்கே பிழை நேர்ந்தது? இதனை அறிவதற்கு மரத்தின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மரம் அறுக்கப்பட்டுச் சாமானாகிய பின்பும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளியிடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறினால் அது விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். இவ்வாறு விரிவதும் சுருங்குவதும் பெரும்பாலும் அகலவாக்கிலேதான். நீளவாக்கில் உண்டாகும் மாறுதல் மிகமிகச் சொற்பம். தேக்கு இவ்வகையில் அடக்கமான மரம். அதுவுங்கூடப் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது, அறுத்த விதத்திற்கேற்ப, அகலவாக்கில் நூற்றுக்கு 2 பங்கு முதல் 6 பங்கு வரை சுருங்கிவிடும்.

இனி, நாற்காலியின் மூட்டைப் பாருங்கள். ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி நாக்குப்போல் நீட்டியிருப்பார்கள். அதற்குக் கழுந்து என்று பெயர். மற்றொரு சட்டத்தில் குடைந்த துளைக்குள் அக்கழுந்து நுழைந்து நிற்கும். இரண்டு மரங்களும் அங்கே குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கின்றன. ஒன்று சுருங்கும் திசையில் மற்றொன்று சுருங்குவதில்லை. இடையிலுள்ள பசை இவ்விரண்டின் இழுபறியையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆண்டு பல செல்ல, பசை பொடிந்து மூட்டு ஆட்டங்காண்கிறது.

காவிரிக்கரைக் காற்றில் கோடையிலும் ஈரம் அடியோடு அற்றுப்போவதில்லை. டில்லியிலோ மே மாதத்துப் பிற்பகலில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 20க்கும் கீழே இறங்குவதுண்டு. ஆகஸ்டு மாதத்தில் அது 80ஐத் தாண்டுவதுமுண்டு. அதற்கிணங்க மரத்திலுள்ள ஈரமும், அதன் எடையில் ஏறத்தாழ 5 பங்கிற்கும் 15 பங்கிற்கும் இடையே ஏறியிறங்க முயல்கிறது. மூன்றடி அகலமுள்ள மேஜைப்பலகை இவ்விரு பருவங்களுக்கிடையே கால் அங்குலம் வரை மாறக்கூடும். ஆகவே ஆடிய நாற்காலி மட்டமான நாற்காலியன்று. அதன் உடம்பு புதிய ஊரின் பருவத்திற்குப் பழகிக்கொண்டிருந்தது. நான் அதனை அசையவொட்டாமல் ஆணியடித்தேன். ஆணி ஆப்புப்போல் நின்று மரத்தைப் பிளந்துவிட்டது.

பிளந்த நாற்காலியை, சகாரன்பூரிலிருந்து வந்து எங்கள் குடியிருப்பின் அருகே பட்டறை வைத்திருந்த முதிய மிஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “பாபுஜி, நாற்காலிக்கு வந்த நோய் சிறியது. நீங்கள் கொடுத்த மருந்துதான் பெரிய நோய்” என்றார். ஆணிகளைப் பிடுங்குவதற்கே அன்றைய பொழுது முழுவதும் சென்றது.

மறுநாள் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றியபோது, கழுந்துகளின் பக்கத்தில் உளியால் கீறிய குறிகள் தென்பட்டன. அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எத்தனையோ தச்சர்களின் குறிகளைப் பார்த்திருக்கிறேன். இது எனக்கு விளங்கவில்லை. நீங்கள் பாருங்கள்” என்று என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். ௧, ௨, ௩, ௪ என்று நம் தமிழ் எண்கள்! எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்று மயங்காதிருக்க, எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் எழுதிவைத்த அடையாளம். துளைகளின் ஓரத்திலும் அதே எண்கள் இருந்தன. அதன்பின் வேலை எளிதாயிற்று. நான் எண்ணைப் படித்துச் சொன்னேன், அவர் பொருத்தினார். என் மொழிபெயர்ப்பு அலுவலில் அன்றைக்குச் செய்ததைப்போல் உடனே பயன்பட்ட வேலை வேறில்லை.

வேலை முடியும் தறுவாயில், “எல்லாவற்றையும் இழைத்துப் புதிதுபோல் ஆக்கித் தாருங்கள், மிஸ்திரிஜி” என்று கேட்டுக்கொண்டேன். அவர் பதில் சொல்லாமல் நாற்காலிக் கையின் முனையைத் தொட்டுக் காட்டினார். பாட்டனாரின் உள்ளங்கை பட்டுப்பட்டு அவ்விடம் சற்றே குழிந்து, கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. “இழைப்புளியை ஓட்டினால் இது ஐந்து நிமிஷத்தில் போய்விடும். மறுபடி வருவதற்கு எத்தனை வருஷமாகும், சொல்லுங்கள்” என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் கூற விரும்புகிறேன். பழுது வேறு, பழமை வேறு. ஆடும் மூட்டு, அறுந்த பிரம்பு, உளுத்த கால், இவை பழுது. கைபட்ட பளபளப்பு, மங்கிய நிறம், பழைய கீறல், ஆசாரியின் குறி, இவை பழமை. பழுதை நீக்க வேண்டும், பழமையை நீக்கலாகாது. நாம் செய்யும் வேலையும், நாளை வேறொருவர் கெடுதலின்றிப் பிரித்துத் திரும்பச் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் மனத்தில் கொண்டால், வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. அவற்றை முறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பார்த்தல். சாமானைப் பகல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். எந்த மூட்டு ஆடுகிறது, எது உறுதியாக இருக்கிறது என்று அசைத்தறியுங்கள். கழற்ற வேண்டியிருந்தால், கழற்றுமுன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் காகிதத் துண்டு ஒட்டி எண்ணிடுங்கள். சிறு துளைகள் இருந்து அவற்றின் கீழே மாவுபோன்ற புதுத்தூள் உதிர்ந்திருந்தால், வண்டின் புழு இன்னும் உள்ளே உயிரோடிருக்கிறது என்று பொருள். தூளில்லாத பழைய துளையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, துடைத்தல். பல சாமான்களில் மெருகு போய்விட்டது என்று நாம் எண்ணுவது, உண்மையில் புகையும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த படலமே. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, சில துளி சோப்பு கலந்த நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் சிறுசிறு பகுதியாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். நீர் தேங்க விடாதீர்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுவதைக் கண்டு வியப்பீர்கள்.

மூன்றாவது, மூட்டு. ஆடும் மூட்டை மட்டும் கழற்றினால் போதும். உறுதியாயிருப்பதைத் தொட வேண்டாம். துணியைச் சுற்றி, மரச்சுத்தியாகிய கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் அது கழன்று வரும். பழைய சாமான்களில் பெரும்பாலும் மரவச்சிரமே பசையாக இருக்கும். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றிவைத்தால் அது இளகிவிடும். இளகிய பழம்பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் மரத்தைச் சுரண்டிவிடக் கூடாது. பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிப்பதில்லை. வீட்டில் ஒட்டிய மூட்டுகள் விரைவில் விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

புதிதாக ஒட்டுவதற்கும் மரவச்சிரமே சிறந்தது என்பேன். அதைச் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்தப் பாத்திரத்தை வேறொரு வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்துச் சூடாக்குங்கள். சுமார் 60 டிகிரிச் சூடு போதும். கொதித்தால் பசையின் வலிமை கெடும். இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளைப் பசையும் நல்ல பிடிப்புடையதே. ஆனால் அது இறுகியபின் மூட்டைப் பிரிப்பது கடினம். வச்சிரமோ, நம் பேரன் காலத்திலும் வெந்நீருக்கு இணங்கும். கழுந்து தேய்ந்து துளை பெரிதாயிருந்தால், மெல்லிய மரச்சீவலைக் கழுந்தின்மேல் ஒட்டிப் பருமனாக்கிப் பொருத்துங்கள். ஆணி வேண்டாம். பூட்டு அவசியமாயின், மூங்கிலைச் சீவி முளையாக்கிச் செருகுவது பழைய வழக்கம். மூங்கில் துருப்பிடிக்காது, பின்னர் எளிதில் துளைத்தெடுக்கவும் முடியும்.

ஒட்டியபின் இறுக்கிப் பிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நாற்காலியின் கால்களைச் சுற்றிப் பருத்திக் கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் மூட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கும். கயிறு படுமிடத்தில் துணி வையுங்கள். சமதளத்தில் நிறுத்தி நான்கு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்த்த பின், ஒருநாள் முழுவதும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

நான்காவது, பிரம்பு. தொய்ந்த பிரம்புப் பின்னலை உடனே அறுத்தெறிய வேண்டாம். அறுந்திராத பின்னலாயின், வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்பக்கத்தை நன்றாக ஈரமாக்கி நிழலில் உலரவிட்டால், உலரும்போது அது இறுகி மேலெழும். அடிப்பக்கத்தில் மெருகு பூசியிராததால் அங்கேதான் நீர் இறங்கும். வடநாட்டுக் கோடையில் வாரம் ஒருமுறை இவ்வாறு சிறிது நனைத்துவந்தால் பிரம்பு முறியாது.

ஐந்தாவது, மெருகு. பழைய சாமான்களின் மெருகு பெரும்பாலும் அரக்கினாலானது. பலாசு, இலந்தை, குசும் முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. நம் நாட்டில் அதை மிகுதியாகத் தருவது ஜார்க்கண்டு மாநிலம். ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும் என்னும் இடத்தில் 1924ஆம் ஆண்டில் தொடங்கிய அரக்கு ஆராய்ச்சி நிலையம், பெயர் மாறி இன்றும் நடைபெற்று வருகிறது. அந்தப் பக்கத்தில் வேலைபார்க்கும் நேயர்கள் இதனை அறிந்திருப்பர்.

உங்கள் சாமானில் உள்ளது அரக்கு மெருகுதானா என்று அறிய, கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு துளி ஸ்பிரிட்டை விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் அவ்விடம் பிசுபிசுத்தால் அது அரக்கே. அப்படியானால் பழைய மெருகைச் சுரண்ட வேண்டியதில்லை. அதன்மேலேயே புதிய மெருகு ஏறும்; புதியதும் பழையதும் கலந்து ஒன்றாகிவிடும். 200 கிராம் அவலரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இட்டு, மூடிவைத்து, ஓரிரவு கரையவிட்டு வடிகட்டுங்கள். பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, அதனால் தொட்டு, மரத்தின் இழையோடு மெல்லியதாகத் தேயுங்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசுவதைவிட, காயவிட்டுக் காயவிட்டுப் பல தடவை பூசுவதே அழகு தரும்.

இங்கே பருவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் அரக்கு மெருகு பூசினால், காற்றின் ஈரம் மெருகில் சிக்கி வெண்மையாகப் பூத்துவிடும். டில்லி, லக்னோ, நாகபுரி போன்ற ஊர்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களும், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களும் தக்க காலம். கோடையில் தோன்றும் விரிசல்களில் மக்கு அடைப்பதும் தவறு. மழை வந்ததும் மரம் விரிந்து, அடைத்ததைப் பிதுக்கிவிடும். பம்பாய், கல்கத்தா போன்ற ஈரக்காற்றுள்ள நகரங்களில் தொல்லை வேறு விதமானது. அங்கே ஆனி, ஆடியில் இழுப்பறை உப்பி இறுகிக்கொள்ளும். அப்போது அவசரப்பட்டு இழைத்துவிடாதீர்கள். தை மாதத்தில் அது தளர்ந்து தொளதொளக்கும். ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். எந்த ஊராயினும், குளிர்சாதனத்தின் காற்றும் கூலரின் காற்றும் நேரே வந்து மோதும் இடத்தில் பழைய சாமானை வைக்க வேண்டாம்.

ஆறாவது, பூச்சி. தேக்கின் வயிரம் கரையானுக்கு எளிதில் இடங்கொடாது. வெளுத்த வெளிமரம் இடங்கொடுக்கும். வெங்காரத்தையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்து, மெருகு பூசாத அடிப்பக்கத்திலும் கால்களின் அடிமுனையிலும் இரண்டு மூன்று தடவை ஊறும்படி தடவுங்கள். வண்டுத் துளைகளில் ஊசிக்குழலால் செலுத்தலாம். சுவரைத் தொடாமல் நான்கு விரற்கடை தள்ளிச் சாமானை நிறுத்துவது, மருந்தினும் மேலான காப்பு.

வேலை செய்பவர் தம் உடம்பையும் வீட்டையும் காத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட்டு நஞ்சு, எளிதில் தீப்பற்றுவதும்கூட. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் மட்டும் அதைக் கையாளுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால், அவை தாமே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அவற்றை வெளியே விரித்து உலர்த்துங்கள். மற்றொன்று மிக முக்கியமானது. பழைய வர்ணம் பூசிய தொட்டிலையோ அலமாரியையோ உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய வர்ணங்களில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அத்தூள் குழந்தைகளின் மூளைக்குக் கேடு விளைப்பது.

கடைக்குச் செல்லும்போது மொழி தடையாக வேண்டாம். வடநாட்டுக் கடைகளில் மரவச்சிரத்தை ‘சரேஸ்’ என்றும், உப்புத்தாளை ‘ரேக்மால்’ என்றும், அவலரக்கை ‘சப்டா’ என்றும், பிரம்பை ‘பேந்த்’ என்றும், கரையானை ‘தீமக்’ என்றும் கேட்க வேண்டும். கழுந்துக்கு அங்கே ‘சூல்’ என்று பெயர். ஓர் ஆட்சியோ நிறுவனமோ நிலைகுலைந்தால், ‘அதன் சூல்கள் அசைந்துவிட்டன’ என்று இந்தியில் சொல்லும் வழக்குண்டு. நாமும் ‘ஆட்டங்கண்டுவிட்டது’ என்கிறோம் அல்லவா? எந்த ஊரிலும் தச்சனின் பட்டறையிலிருந்து மொழிக்குச் சொற்கள் வந்துசேர்ந்திருக்கின்றன.

வேலையின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. நுண்ணிய செதுக்குவேலை உடையவற்றையும், மெல்லிய மரத்தகடு ஒட்டியவற்றையும், யானைத்தந்தமோ கிளிஞ்சலோ பதித்தவற்றையும் கைதேர்ந்தவரிடமே ஒப்படையுங்கள். அவரிடமும், ‘புதிதாக்குங்கள்’ என்று கேளாமல், ‘உறுதியாக்குங்கள்’ என்று கேளுங்கள்.

அடையாளங்களைக் காப்பதன் அருமைக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சண்டிகர் நகரம் உருவானபோது, 1951 முதல் 1965 வரை அங்கே பணியாற்றியவர் பியேர் ஜான்னரே என்னும் கட்டடக் கலைஞர். அரசாங்க அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு எளிய நாற்காலிகள் அங்கே செய்யப்பட்டன. பிற்காலத்தில் அவை ஆடின, பிரம்பு அறுந்தது. அறுந்தவை மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. கழிவுச் சாமான் என்று மலிவாக ஏலத்தில் போயின. வெளிநாட்டார் வாங்கிச் செப்பனிட்டு விற்றபோது, ஒவ்வொன்றும் பல லட்ச ரூபாய் பெற்றது. அந்நாற்காலிகளில் அலுவலகத்தின் பெயரையும் எண்ணையும் வர்ணத்தால் எழுதியிருந்தார்கள். அலங்கோலமாகத் தோன்றிய அந்த எழுத்துகளே, பொருள் உண்மையானது என்பதற்குச் சான்றாக இன்று மதிக்கப்படுகின்றன. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இத்தகைய பொருள்களை விற்பதற்குத் தடைவிதித்தது. அதற்குள் பல கடல் கடந்துவிட்டன.

நம் வீட்டு நாற்காலிகளை எவரும் லட்சம் கொடுத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அவற்றின் மதிப்பு நமக்குமட்டும் தெரிந்தது. அதனாலேயே, நாம் காக்காவிட்டால் காப்பவர் வேறெவரும் இல்லை. என் பாட்டனாரின் நாற்காலி இப்போது ஆடுவதில்லை. பிளந்த சட்டத்தை ஒட்டிய இடம் கோடுபோல் தெரிகிறது. என் தவற்றின் நினைவாக அதை மறைக்காமல் விட்டிருக்கிறேன். மூட்டுகளை இறுக்கும்போது, என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கழுந்துகளிலிருந்த எண்களைக் காட்டினேன். டில்லிப் பள்ளியில் படிக்கும் அவளுக்கு அவை புதியவை. அன்று மாலையே ஒன்று முதல் பத்து வரை எழுதிப் பழகிவிட்டாள். பாட்டனார் வீட்டு ஆசாரியின் பெயரை இன்று சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. அவர் எழுதிய நான்கு எண்கள் மட்டும் அந்த மூட்டுகளுக்குள் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் ஆடும் நாற்காலி ஒன்று இருக்குமாயின், வரும் ஞாயிற்றுக்கிழமை ஆணியை எடுப்பதற்கு முன், அதை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.